சக்கைக்குக் கிடைத்த பரிசு

சிதறால் பக்கம்,
14-6-2010, திங்கட்கிழமை.

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய மச்சான் ஜான்ரோஸ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை பேபியின் கணவன் சிலுவை, இயேசு மரி சூசையின் துணையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும், ஆடுகள் இரண்டும், போன வாரக் காற்றில் சாய்ந்து இன்னும் விழாமல் நிற்கும் முருங்கையும் நலம். மகள் ஜெனிலா கோடை லீவு முடிந்து பள்ளிக்கூட வேலைக்குப் போகிறாள், நலம். உங்கள் தங்கையும் நலமாகத்தான் இருக்கிறாள். ஆனால் அதை அவளிடம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. ஐந்து நாட்களாக அவள் என்னோடு பேசவில்லை. மஸ்கட்டில் உங்கள் நலத்தையும், சூட்டில் உங்களுக்கு வந்த தலைச்சுற்றல் குறைந்த விவரத்தையும் அறிய ஆவல்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் ஹலோ ஹலோ என்பதும் நான் கேட்கிறதா கேட்கிறதா என்பதுமாகப் பாதி நேரம் போய்விடும். மீதி நேரத்தில் நீங்கள் ஊரில் மழை உண்டா என்று கேட்பீர்கள். இது அப்படிச் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை. முதலில் நல்ல செய்தி: உங்கள் தங்கை நாகர்கோவிலில் நடந்த ஓவியக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிவிட்டாள். அடுத்தது கெட்ட செய்தி: அந்தப் பரிசை நான் கெடுத்துவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான் கெடுத்தேன். எப்படி என்று சொல்கிறேன். சொன்ன பிறகு நீங்கள்தான் ஒரு வழி செய்ய வேண்டும், ஏனென்றால் நான் சொன்னால் கேட்காவிட்டாலும் நீங்கள் சொன்னால் பேபி கேட்பாள்.

பேபி படம் வரைகிற விஷயம் உங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். அது ஆரம்பித்தது நம் கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் வைத்த வருடம். பின்னால் மாட்டுகிற பெத்லகேம் திரையை வரைய வேண்டிய ஆள் கடைசி நாளில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். வேறு யாரும் இல்லாமல் பேபி தூரிகையை எடுத்தாள். பெத்லகேமை இவள் எங்கே பார்த்தாள்? அதனால் சிதறால் மலையை வரைந்தாள், அடிவாரத்தில் மரச்சீனிக் கிழங்கு விளையை வரைந்தாள், இடையர்களுக்கு நம் பக்கத்து ஆட்களின் முகத்தை வைத்தாள், மூன்று ராஜாக்களை களியக்காவிளை பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருகிறவர்கள் போலக் காட்டினாள். பங்குத்தந்தை முதலில் சிரித்தார், பிறகு அதை எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். திருக்காட்சித் திருநாள் கழிந்தும் தவக்காலம் வரை அந்தத் திரை அங்கேயே தொங்கியது. அதற்குப் பிறகு ஜெனிலா சாயமும் கேன்வாஸ் துணியும் வாங்கிக் கொடுக்க, அண்டி ஆபீஸில் கொட்டை உடைக்கிற வேலை இல்லாத நாட்களிலெல்லாம் பேபி வரைந்தாள். பெரிய விஷயங்கள் ஒன்றும் இல்லை மச்சான். குழாயடி, கறிச்சட்டி, பஸ் ஸ்டாண்டு, துணி துவைக்கிற கல். அன்றாடம் நம் கண்ணில் படுவது, ஆனால் நாம் நின்று பார்க்காதது. பன்னிரண்டு படங்கள் சேர்ந்தன. ஜெனிலா அவற்றைப் போட்டோ எடுத்து அனுப்ப, நாகர்கோவில் ஓவியக்கூடத்தில் 'அன்றாட வாழ்க்கை' என்ற பெயரில் ஒரு வாரக் கண்காட்சிக்குப் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். மாவட்டம் முழுவதிலுமிருந்து ஒன்பது பேர் வரைந்தவை. அதில் எட்டுப் பேர் முறையாகப் படித்தவர்கள்.

படத்துக்குக் கீழே பெயர் எழுதிய அட்டை மாட்ட வேண்டும் என்றார்கள். இங்கேதான் நான் வருகிறேன். என் கையெழுத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தொன்பது வருடம் ரேஷன் கடைக் கரும்பலகையில் 'மண்ணெண்ணெய் இருப்பு இல்லை' என்று எழுதிய கை இது. பஸ்ஸில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியாகப் படித்துவிட்டு, இறங்காமலே போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கை வீட்டில் இருக்கும்போது கம்ப்யூட்டரில் அடிப்பானேன்? நான் மேசையில் உட்கார்ந்தேன், பேபி அடுக்களையில் நின்று சட்டி கழுவிக்கொண்டே ஒவ்வொரு பெயராகச் சொன்னாள்.

"சக்கப்பழம்ணு எழுதட்டா?" என்று கேட்டேன்.

"பழம் ஒண்ணும் வேண்டாம். சக்கைண்ணு மட்டும் எழுதுங்க" என்றாள்.

"இதுக்கு அண்டி ஆபீஸ்ணு போட்டிரட்டா?"

"ஆபீஸ் எதுக்கு? அண்டி போதும்."

அட்டை சிறியதாக இருப்பதால் சுருக்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு அட்டைகளும் முத்து முத்தாக வந்தன. கண்காட்சித் திறப்பன்று ஓவியக்கூடத்துப் பொறுப்பாளர் கோலப்பன், பூதப்பாண்டிக்காரர், அட்டைகளைப் பார்த்துவிட்டு, "எழுத்து அருமையா இருக்கே, யாரு வே எழுதுனது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். பக்கத்தில் படங்களும் இருந்தன என்பது அப்போது எனக்கு இரண்டாம் பட்சமாகத்தான் இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா.

பரிசைத் தீர்மானிக்கச் சென்னையிலிருந்து பேராசிரியர் ஸ்ரீனிவாசன் என்று ஒருவர் வந்திருந்தார். ஓவியக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தோளில் துணிப்பை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. மற்றவர்களுடைய படங்களை எல்லாம் நடந்துகொண்டே பார்த்தவர், பேபியின் படங்களுக்கு முன்னால் வந்ததும் நின்றார். முதல் படம் 'வெள்ளம்'. நம் தெருக் குழாயடியில் பதினோரு பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருக்கும், ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சகாயசெல்வி தாடையில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள். உங்களுக்கு அவளைத் தெரியும், அண்டி ஆபீஸில் பேபிக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்கிறவள். நமக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். சென்னைக்காரர்களுக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது என்பது அந்த நிமிடம் வரை என் புத்தியில் ஏறவில்லை. "குழாயில் ஒரு சொட்டு இல்லை. தலைப்போ வெள்ளம்! என்ன ஒரு துணிச்சல்! வரப்போகிற பிரளயத்துக்காக இந்தப் பெண் குடத்தோடு காத்திருக்கிறாள்!" என்றார் பேராசிரியர். கூட வந்த இருபது பேரும் தலையை ஆட்டினார்கள். அடுத்தது 'சாடும் பிள்ளைகள்'. திற்பரப்பு அருவிக்குக் கீழே பாறையிலிருந்து பிள்ளைகள் ஆற்றில் சாடுகிற படம். "யாரைச் சாடுகிறார்கள்? நம்மைத்தான். நாம் இவர்களுக்கு விட்டுப் போகிற உலகத்தைச் சாடுகிறார்கள்" என்று சொல்லித் தலையைக் குனிந்தார். இருபது பேரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன், என்ன செய்ய?

அதற்கடுத்து 'அண்டி'. அண்டி ஆபீஸில் பெண்கள் உட்கார்ந்து அண்டி உடைக்கிறார்கள். முகம் ஒன்றும் இல்லை, வெறும் கைகள் மட்டும். "அண்டி! வினையெச்சம்! வாக்கியத்தை முடிக்கவில்லை பாருங்கள். அண்டி... வாழ்கிறார்களா? அண்டி... சாகிறார்களா? நம்மை நடுவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார் இந்த அம்மா" என்றார். நமக்கு அண்டி என்றால் முந்திரிக்கொட்டை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன், கோலப்பன் என் முழங்கையைப் பிடித்து அமுக்கினார். களியக்காவிளை பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் எலுமிச்சம்பழம் பிழிகிற படத்துக்குப் 'போஞ்சி' என்று பெயர். அந்த வார்த்தை அவருக்குத் தெரியவே தெரியாது. இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "சில அனுபவங்களுக்கு மொழியில் பொருளே இல்லை" என்று நகர்ந்தார். கடைசியில் 'சக்கை'. மச்சான், அந்தப் படம்தான் இருக்கிறதில் பெரியது. நம் வீட்டு முன்னறையில் பேபி சக்கை வெட்டிச் சுளை எடுத்துக்கொண்டிருக்கிறாள், சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்து தின்கிறார்கள். அதில் ஒருவன் நான். வழுக்கையும் இடது காதும் அச்சு அசல் நான்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். பேராசிரியர் அதன் முன்னால் ஐந்து நிமிடம் நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சாறெல்லாம் பிழிந்துவிட்டு வீசி எறியப்பட்ட சக்கை. அதுதான் இந்தப் பெண்" என்றார். எல்லோரும் திரும்பி, படத்தில் இருக்கிற என்னையும் தரையில் நிற்கிற என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் யாரைப் பிழிந்தேன்? சக்கையை யாராவது பிழிவார்களா? வெட்டித்தானே தின்பார்கள்!

அன்று சாயங்காலமே முதல் பரிசு பேபிக்கு என்று அறிவித்துவிட்டார்கள். பன்னிரண்டு படங்களும் ஆகஸ்டு மாதம் சென்னையில் காட்சிக்கு வைக்கப்படும், வரைந்தவரும் அங்கே வந்து பரிசை வாங்கிக்கொள்ள வேண்டும். மச்சான், பேபி என்ற பெயரை மைக்கில் சொன்னபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். கோவிலில் கல்யாண ஓலை வாசித்த நாளுக்குப் பிறகு இவள் பெயரை ஒருவர் மைக்கில் சொல்லி நான் கேட்டதில்லை. கையைத் தட்டிய தட்டில் என் கைக்கடிகாரத்தின் வார் அறுந்து போனது. முறையாகப் படித்த எட்டுப் பேரும் பின்னால் உட்கார்ந்திருக்க, கையில் அண்டிக்கறையோடு உங்கள் தங்கை மேடை ஏறினாள். ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். "எல்லாரும் வந்ததுக்கு சந்தோசம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். எனக்கு அது போதும். பஸ்ஸில் வரும்போது கண்டக்டரிடம், முன்சீட்டுக்காரரிடம், மார்த்தாண்டத்தில் ஏறிய ஒரு சிஸ்டரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். சிஸ்டர் அடுத்த ஸ்டாப்பில் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெனிலாவின் அகராதியை எடுத்துப் பார்த்தேன். சக்கை: சாறு நீங்கிய கோது. வெள்ளம்: நீர்ப்பெருக்கு. சாடுதல்: கடுமையாகத் தாக்கிப் பேசுதல். மச்சான், இருபத்தொன்பது வருடத்தில் ரேஷன் கடையில் நான் எடை குறைத்ததாக ஒருவனும் ஒரு சொல் சொன்னதில்லை. எனக்கென்னவோ இது தராசில் விரலை வைத்து வாங்கிய பரிசு மாதிரி இருந்தது. என் பெண்டாட்டி வரைந்ததற்குப் பரிசு வேண்டும், என் அட்டையைத் தப்பாகப் படித்ததற்கு வேண்டாம். கோலப்பனிடம் போய்ச் சொன்னேன். "வே, நீரு சும்ம கெடயும். மனுசன் கண்ணு கலங்கி நிக்காரு, அந்த நேரத்துல போயி, சார் இது திங்கிற பலாப்பழமாக்கும்னு சொன்னா அவருக்கு எப்பிடி இருக்கும்? நம்ம ஊருக்கு வந்த விருந்தாளில்லா" என்றார். அன்றைக்குத் தலையாட்டிய இருபது பேரில் பாதிப்பேர் நம் ஆட்கள், எல்லோருக்கும் சக்கை என்றால் என்னவென்று தெரியும், விருந்தாளி மனம் நோகக் கூடாது என்று ஆட்டியிருக்கிறார்கள். நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். புதன்கிழமை காலையில் பேபிக்குத் தெரியாமல் முதல் பஸ் பிடித்துப் போய், கூடம் திறந்ததும் என் பழைய அட்டைகளை எடுத்துவிட்டு, சென்னைக்காரர்களுக்கு விளங்குகிற நல்ல தமிழில் புதிய அட்டைகளை மாட்டினேன். குடிநீர். குதிக்கும் குழந்தைகள். முந்திரிக்கொட்டை. எலுமிச்சைச் சாறு. பலாப்பழம். எழுத்து முன்னதைவிட அழகாக வந்திருந்தது.

அன்று பேராசிரியர் திரும்ப வருவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பத்திரிகையில் பேபியின் படங்களைப் பற்றி எழுதப்போகிறாராம், அதற்காக இன்னொரு தடவை பார்க்க வந்தார். வந்தவர் முதல் அட்டையைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், ஐந்தாவதில் முகம் சிவந்துவிட்டது. "யார் செய்த வேலை இது? இது ஓவியக் கண்காட்சியா, மளிகைக் கடையா?" என்று சத்தம் போட்டார். அந்த நேரம் பார்த்து, அவர் வரச் சொல்லியிருந்த பேபியும் ஜெனிலாவும் வாசலில் வந்து நிற்கிறார்கள். நான் கையைத் தூக்கினேன். தூக்கியது தூக்கியாகிவிட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்படியானால் அந்த வெள்ளம்..." என்றார்.

"குடிக்கியதாக்கும் சார்."

"பிள்ளைகள் சாடுவது..."

"வெள்ளத்துல சாடுகானுவ சார். குளிக்கியதுக்கு."

"சக்கை?" என்று கேட்டார்.

"பலாப்பழம் சார். எங்க ஊருல மரம் நெறைய உண்டு."

மனிதர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்றார். கோலப்பன் பதற்றத்தில் உள்ளே பார்த்து, "சாருக்கு வெள்ளம் கொண்டு வாங்கோ, சீக்கிரம் வெள்ளம்!" என்று கத்தினார். பேராசிரியர் திடுக்கிட்டுக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். வந்த தண்ணீரைக் குடித்தார். பிறகு எழுந்து, அட்டை பக்கமே பார்க்காமல், பன்னிரண்டு படங்களையும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் என்கிறார் கோலப்பன். என் கணக்குக்கு நாற்பது நிமிடம் இருக்கும். கடைசியில் பேபியின் பக்கத்தில் போய் மெதுவாக ஏதோ கேட்டார். அவள் இரண்டு வார்த்தை பதில் சொன்னாள். அவர் அவளைக் கும்பிட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். நான் அந்த நேரத்தில் புதிய அட்டைகளை நகத்தால் பெயர்த்து எடுத்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் காதில் விழவில்லை. என்ன கேட்டிருப்பார், பரிசை விட்டுத் தருகிறீர்களா என்றுதான் கேட்டிருப்பார், இவளும் சரி சார் என்று சொல்லியிருப்பாள். பேபி என்னிடம் வந்து, கையில் இருந்த 'பலாப்பழம்' அட்டையைப் பார்த்தாள். "கொள்ளாம்" என்றாள். நமக்குக் கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது, ஆனால் அவள் அதை எந்த அர்த்தத்தில் சொல்வாள் என்று உங்களுக்குத் தெரியும். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

ஆனால் மச்சான், பரிசு போனாலும் போகட்டும், மறுநாள் நடந்ததை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் எனக்கு மனசு ஆறாது. வியாழக்கிழமை கண்காட்சியின் கடைசி நாள். அண்டி ஆபீஸில் லோடு வராததால் வேலை இல்லை. சகாயசெல்வி பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். சுவரில் அட்டை ஒன்றும் கிடையாது, நான்தான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேனே. அவர்கள் நேராக அந்தக் கைகள் படத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். பிறகு ஒருத்தி, "ஏட்டி பேபி, இது எனக்க கையில்லியா?" என்றாள். இன்னொருத்தி தன் கையை நீட்டிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வளைந்த சுண்டுவிரல் அப்படியே இருந்தது. ஒவ்வொருத்தியாகத் தன் தன் கையைக் கண்டுபிடித்தார்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை. அண்டி எண்ணெய் பட்டுக் கறுத்த கறை, வெந்து உரிந்த தோல், எல்லாம் அவரவருக்கு உரிய இடத்தில் இருந்தது. சகாயசெல்வி சொன்னாள்: "முப்பது வருசமா இந்தக் கைய முந்தானைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டாக்கும் நான் கலியாண வீட்டுக்குப் போவியது. இஞ்ச நோக்குட்டி, நாகர்கோவில் சொவத்துல தொங்குது." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தாள். பேபி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோலப்பன் பதினோரு பேருக்கும் போஞ்சி வாங்கிக் கொடுத்தார். ஒரு அட்டை இல்லாமல், ஒரு பேராசிரியர் இல்லாமல், அவர்களுக்கு எல்லாம் விளங்கியது. முப்பத்திரண்டு வருடம் இவளோடு ஒரே வீட்டில் இருந்தும், இவளுக்கு இது முடியும் என்று எனக்குத் தெரியாமல் போனதே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பெருமைதான் அதிகம். அதை மறைக்க எனக்கு வரவில்லை.

ஆகையால் என் கோரிக்கை இதுதான். இந்தக் கடிதம் கிடைத்ததும் வரும் வெள்ளிக்கிழமை லீவில் பேபிக்குப் போன் செய்யுங்கள். பரிசு போனால் பெரிய காரியம் இல்லை, சிலுவை நேர்மையாகத்தான் நடந்தான், அவனுக்கு உன் படத்தின்மேல் இருக்கிற மதிப்பினால்தான் அப்படிச் செய்தான் என்று அண்ணன் முறையில் நாலு நல்ல புத்தி சொல்லுங்கள். சென்னைக்குப் போக முடியாத வருத்தத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். என்னோடு பேசச் சொல்லுங்கள். கிணற்றடியில் ஆடுகளிடம் அவள் பேசுகிற அளவுக்காவது பேசினால் போதும். உங்கள் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. வேளாங்கண்ணி மாதா உங்களைச் சூட்டிலிருந்தும் தலைச்சுற்றலிலிருந்தும் காத்து, அடுத்த லீவுக்குச் சுகமாக வீடு கொண்டு சேர்ப்பாளாக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சினன்,
அ. சிலுவை,
ரேஷன் கடை விற்பனையாளர் (ஓய்வு).

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்க நான் அடுக்களைக்குப் போன நேரத்தில், மேசையில் கிடந்த கடிதத்தை உங்கள் தங்கை எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை நின்றபடியே வாசித்துவிட்டாள். வாசித்துவிட்டு ஐந்து நாட்களுக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "கலியாணத்துக்கு முன்ன நாலு வருசம் மதுரையில சிஸ்டர்மாரு மடத்து அடுக்களையில நிண்ணவளாக்கும் நான். கரும்பு பிழியிய கடையில சக்கைண்ணா என்னத்தச் சொல்லுவாங்கண்ணு எனக்குத் தெரியாதா?" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பேராசிரியர் அன்று அவளிடம் கேட்டது பரிசை விட்டுத் தரச் சொல்லி அல்லவாம். அம்மா, நீங்கள் எந்தச் சக்கையை நினைத்து வரைந்தீர்கள் என்று கேட்டாராம். "ரெண்டும்தான் சார்" என்று இவள் சொன்னாளாம். பரிசு அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை பேராசிரியர் ஜெனிலாவுக்குப் போன் செய்து, பழைய அட்டைகளையே கொண்டுவர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு மட்டும்தான் தெரியாது. வெள்ளம், அண்டி, சாடுவது எல்லாம் இவள் தெரிந்தே வைத்த பெயர்கள். ஒரே சொல்லில் இரண்டு அர்த்தத்தை வைத்துவிட்டுச் சட்டி கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள் என் பெண்டாட்டி! ஆகஸ்டில் சென்னைக்குப் போகிறோம், படங்களைத் தூக்குவது நான்.

அப்படியென்றால் என்மேல் எதற்குக் கோபம் என்று கேட்டேன். "எனக்க படத்துக்கு அடியில பலாப்பழம்ணு எழுதி ஒட்டுனீங்களே, அதுக்காக்கும்" என்றாள். நான் உன்னைப் பிழிந்தேனா என்று கேட்டேன். "நான் அப்பிடிச் சொன்னனா? படத்துல எனக்க முன்னால ஒரு சொளை உண்டுமாண்ணு போய் நோக்குங்க" என்றாள். படம் இப்போது முன்னறையில் அலமாரியில் சாய்த்து வைத்திருக்கிறோம். போய்ப் பார்த்தேன். இத்தனை நாள் என் காதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன் மச்சான். என் முன்னால் ஒன்பது சுளை, ஜெனிலா முன்னால் ஆறு. பேபி முன்னால் மடலும் நாரும் கத்தியும் கைக்குத் தடவுகிற எண்ணெய்க் கிண்ணமும் இருக்கிறது. சுளை ஒன்றுகூட இல்லை.

எனக்கு வலது பக்கம் நீலச் சாரம் உடுத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவரை யாரோ பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்திருந்தேன். அது நீங்களாம், போன லீவுக்கு வந்தபோது. உங்கள் முன்னால் பதினான்கு இருக்கிறது. இரண்டு தடவை எண்ணிவிட்டேன். ஆகையால் வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது புத்தி ஒன்றும் சொல்ல வேண்டாம். சாப்பிட்டியா என்று மட்டும் கேளுங்கள்.